தராசின் திரை யார் பக்கம்?

இலங்கையின் 2026ஆம் ஆண்டுக்கான வரவு செலவுத் திட்டத்தில் தோட்டத் தொழிலாளியின் நாட்சம்பளம் 1,750 ரூபா என்று அறிவித்தார்கள். மேடைகளிலும் செய்திகளிலும் மொத்தத் தொகைதான் அடிபட்டது. அது இரண்டாகப் பிரிந்திருப்பதைப் பற்றி அதிகம் பேச்சில்லை. 1,350 ரூபாவாக இருந்த அடிப்படைச் சம்பளத்தைக் கம்பெனிகள் 1,550 ஆக்க வேண்டும். மிச்சம் 200 ரூபா அரசாங்கத்தின் பங்கு, வேலைக்கு வந்த நாளுக்கான ஊக்குவிப்பு. வந்ததாகத் தோட்டத்து ஏட்டில் ஏறினால் அந்த இருநூறு உண்டு, ஏறாவிட்டால் இல்லை. பணம் திறைசேரியுடையது, ஏடு கம்பெனியுடையது, மலை ஏறிய கால் மட்டும் தொழிலாளியுடையது.

இது புதுச் சங்கதியும் இல்லை. 2016ஆம் ஆண்டுக் கூட்டு ஒப்பந்தத்தில் வரவுக்கு 60 ரூபா, உற்பத்தித் திறனுக்கு 140 ரூபா என்று தனித்தனிக் கொடுப்பனவுகள் இருந்தன. 2019இல் அடிப்படைச் சம்பளத்தை 500இலிருந்து 700 ஆக்கிய கையோடு அவை இரண்டையும் எடுத்துவிட்டார்கள். அன்றைய கணக்கைக் கூட்டிக் கழித்துப் பார்த்தவர்கள் உண்மையில் கூடியது இருபது ரூபாதான் என்று கொதித்தார்கள். அப்போது போன வரவுக் காசு இப்போது அரசாங்கத்தின் கையால் திரும்பி வருகிறது. ஆக, யார் வந்தார், எத்தனை மணிக்கு வந்தார், எவ்வளவு எடுத்தார் என்ற பதிவுக்கு முன்னைவிட விலை கூடியிருக்கிறது. அதே நேரத்தில் அந்தப் பதிவு மலைநாட்டுத் தோட்டங்களில் தாளைவிட்டுத் திரைக்கு மாறிக்கொண்டிருக்கிறது. மின்னணுத் தராசு, கோடு அச்சிட்ட அட்டை, கைத்தொலைபேசிச் செயலி, கணினிச் சம்பளப் பட்டியல் என்று ஒவ்வொன்றாக வந்து சேர்கின்றன.

உலகம் இதற்கு மனிதவளத் தொழில்நுட்பம் என்று பெரிய பெயர் வைத்திருக்கிறது. ஆளைச் சேர்ப்பது, வரவைப் பதிவது, லீவு கொடுப்பது, சம்பளம் போடுவது, யார் கெட்டிக்காரர் என்று தரம் பிரிப்பது, எல்லாமே இப்போது மென்பொருளின் வேலை. இதில் இலங்கை பின்தங்கிய நாடென்று நினைக்க வேண்டாம். உலகமெங்கும் நிறுவனங்கள் இறக்கிப் பயன்படுத்தும் ஆரஞ்ச்எச்ஆர்எம் மென்பொருளின் வேர் கொழும்பில் இருக்கிறது. பீப்பிள்ஸ்எச்ஆர் என்ற மென்பொருளை விற்கும் எச்செனிட் பிஸ்னஸ் சொல்யூஷன்ஸ் 2021இல் கொழும்புப் பங்குச் சந்தைக்கே வந்துவிட்டது. வெளிநாட்டு அலுவலகத்தில் ஒருவர் லீவு கேட்பதற்குக் கொழும்புப் பிள்ளைகள் எழுதிய நிரல் உதவுகிறது. மலைநாட்டு உடப்புசல்லாவையில் ஒரு தோட்டத்துப் பெண் தான் போன மாதம் எத்தனை கிலோ கொழுந்து எடுத்தாள் என்று தெரிந்துகொள்ள இன்னும் கிளாக்கர் ஐயாவின் ஜன்னலடியில் நிற்க வேண்டியிருந்தால், குறை நிரல் எழுதுகிறவர்களிடம் இல்லை.

பிரட்டுக்களத்து ஏடு

நுவரெலியாவிலிருந்து கந்தப்பளை, ராகலை தாண்டி உடப்புசல்லாவைக்குப் போகும் பாதை ஊவாவின் எல்லையைத் தொடுகிறது. இலங்கைத் தேயிலையின் ஏழு பிரதேசங்களில் ஒன்றுக்கு இந்த ஊரின் பெயர்தான். மேற்குப் பருவம் ஒன்று, கிழக்குப் பருவம் ஒன்று என்று ஆண்டில் இரண்டு முறை நல்ல தேயிலை கிடைக்கிற இடம். அதே காரணத்தால் இரண்டு பக்கத்து மழையும் பனியும் இங்கே கணக்கில் உண்டு. மழையைப் பற்றிப் பிறகு சொல்கிறேன். சம்பளத்தோடு அதற்குப் பெரிய தொடர்பு இருக்கிறது.

இந்த நாட்டின் பழைய மனிதவள ஏற்பாட்டைப் பார்க்க வேண்டுமானால் இங்கேதான் வர வேண்டும். காலையில் பிரட்டு, அதாவது ஆட்களை வேலைக்குப் பிரித்துவிடும் கூட்டம். இந்த மலைக்குக் கொழுந்துக்கு இத்தனை பேர், கவ்வாத்துக்கு இத்தனை பேர், புல்லு வெட்ட இத்தனை பேர் என்று பிரித்துவிட்டு கணக்கப்பிள்ளை ஏட்டில் குறித்துக்கொள்வார். மாலையில் அது ஆபீசுக்குப் போய்ச் செக்ரோல் என்ற சம்பளப் பட்டியலில் ஏறும். முழு நாள் வேலை ஒரு பேர். பிந்தி வந்தாலோ கிலோ குறைந்தாலோ அரைப்பேர். மாதக் கடைசியில் பேரைக் கூட்டிச் சம்பளம் போட்டு, ஊழியர் சேமலாப நிதி, சங்கச் சந்தா, கோயில், முன்பணம், தேயிலைத் தூள் என்று கழித்து மிச்சத்தைக் கையில் கொடுப்பார்கள். பிறப்பு, இறப்பு, பிரசவ லீவு, யார் எந்த லயத்தில் இருக்கிறார் என்ற விவரமெல்லாம் அதே ஆபீசில்தான் கிடந்தன. இன்றைய மென்பொருள் விற்பனையாளர் 'ஒரே தளத்தில் எல்லாத் தகவலும்' என்று விளம்பரம் செய்வதை வெள்ளைக்காரத் துரை மையும் தாளும் வைத்தே செய்துவிட்டான்.

அந்த ஏட்டைத் தொழிலாளி பார்க்க முடியாது என்பதுதான் அதன் முதல் விதி. ஆட்களைக் கொண்டுவந்து மேய்த்த கங்காணியிடம் எவ்வளவு கடன் என்று எழுதிய ஒரு துண்டு இல்லாமல் ஒருவர் தோட்டம் மாற முடியாத காலம் 1921 வரை சட்டத்தின் துணையோடே நடந்தது. அதில் எழுதிய தொகை சரியா பிழையா என்று வாசிக்கத் தெரியாதவர் எப்படிக் கேட்பார்? வாசிக்கத் தெரிந்த வெளியாள் தோட்டத்துக்குள் கால் வைக்கவே முடியாது. பிற்காலத்தில் தோட்டத் தொழிலாளர் சங்கம் அமைத்த கோ. நடேசய்யர் துணி வியாபாரியாக வேடம் போட்டுத்தான் தோட்டங்களுக்குள் நுழைந்து நிலைமையைக் கண்டறிந்தார். பிற்பாடு சம்பளச் சட்டங்கள் வந்தன, சங்கங்கள் வந்தன, 1984இல் ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே சம்பளம் வந்தது, 1992இல் நிர்வாகம் தனியார் கம்பெனிகளின் கைக்குப் போனது. இத்தனையிலும் ஏடு இருந்த பக்கத்திலேயே இருந்தது.

கிராம் துல்லியம், கிலோ கணக்கில் கழிவு

இப்போது வந்திருக்கும் ஏற்பாடு தோட்டத்துக்குத் தோட்டம் கொஞ்சம் மாறும். பொதுவாக இப்படி: ஒவ்வொருவருக்கும் ஒரு அட்டை. கொழுந்து நிறுக்கும்போது அட்டையைக் கருவியில் காட்டினால் ஆள் யாரென்று தெரிந்துகொள்ளும். தராசு காட்டும் நிறை கம்பியில்லாமல் கைத்தொலைபேசிக்குப் போகும். அங்கிருந்து ஆபீஸ் கணினிக்கு. செக்ரோல் தானாகவே நிரம்பும். நாளொன்றுக்கு மூன்று நிறுவை என்றால் மூன்றும் நேரத்தோடு பதிவாகும்.

இதில் நல்லது இல்லையென்று யாரும் சொல்ல முடியாது. வேண்டியவருக்கு இரண்டு கிலோ கூட்டி எழுதுவதும் வேண்டாதவருக்குக் குறைப்பதும் கடினமாகும். மலைக்கே வராத ஆளுக்குப் பேர் போடும் பழைய கைங்கரியம் நிற்கும். கைக்கணக்கில் வரும் கூட்டல் பிழைக்காகச் சம்பளத்துக்கு மறுநாள் ஆபீஸ் வாசலில் நிற்கும் வரிசை குறையும். கம்பெனிக்கும் தேவை இருக்கிறது. 1992இல் மூன்று இலட்சத்தைத் தாண்டியிருந்த பதிவுத் தொழிலாளர் தொகையில் இன்று பாதிகூட இல்லை. பிள்ளைகள் கொழும்புக் கடைகளுக்கும் ஆடைத் தொழிற்சாலைகளுக்கும் வெளிநாட்டுக்கும் போய்விட்டார்கள். இருக்கிற கொஞ்சப் பேரை வைத்து எந்த மலையில் எப்போது கொழுந்து எடுப்பது என்று திட்டமிட நிர்வாகத்துக்கு அன்றன்றைய கணக்கு வேண்டும்.

ஆனால் தராசு பத்துக் கிராமைக்கூடக் காட்டும்போது கழிவு என்னவாகிறது? மழை நாளில் கொழுந்தில் நீர் இருக்கும், நியாயம். படங்குக்கும் கூடைக்கும் நிறை உண்டு, அதுவும் நியாயம். முற்றிய இலைக்கும் குறைப்பார்கள். இவற்றுக்காகக் கழிக்கும் அளவை எந்தக் கருவியும் அளப்பதில்லை. இன்றைக்கு இத்தனை கிலோ என்று ஒருவர் கண்ணால் பார்த்துச் சொல்லும் எண்தான் அது. முன்பு அதை வாயால் சொல்வார்கள். நின்று சண்டை பிடிக்கலாம். இப்போது அதே எண் மென்பொருளின் அமைப்புக்குள் ஒரு கட்டத்தில் போய் உட்கார்ந்துகொண்டால், திரையில் தெரிவது கழித்து முடிந்த நிறை மட்டும். கம்ப்யூட்டர் காட்டுகிறது என்று சொல்லிவிட்டால் கேள்வி அடங்கிவிடும். 17 கிலோ 800 கிராம் 18 ஆகப் பதிவாகிறதா, 17.8 ஆகவே பதிவாகிறதா என்பதும் யாரோ ஒருவர் ஒரு நாள் தெரிவு செய்துவைத்த விதிதான். பதினெட்டுக் கிலோ எடுத்தால்தான் முழுப்பேர் என்ற மலையில் 17.8 எடுத்தவளுக்கு அந்த விதி ஒரு நாள் சம்பளத்தையே பாதியாக்கிவிடும்.

எனவே தராசு எவ்வளவு துல்லியம் என்று விற்பனையாளர் சொல்வதில் எனக்குப் பெரிய அக்கறையில்லை. அதன் திரை யார் பக்கம் திரும்பி நிற்கிறது என்று பார்ப்பேன். மொத்த நிறை, கழிவு, கழிவுக்கான காரணம், மிச்சம் ஆகிய நான்கும் தமிழில், எடுத்தவளின் கண்ணுக்குத் தெரிகிற இடத்தில் வருகிறதா? வந்தால் அது அவளுக்கும் உரிய கருவி. வராவிட்டால் பழைய கணக்கப்பிள்ளைக்கு மின்கலம் பூட்டியிருக்கிறார்கள், அவ்வளவே.

விரலும் டவரும்

நகர அலுவலகங்களில் விரல்ரேகைக் கருவி சாதாரணம். அதையே தோட்டத்துக்குத் தூக்கிவந்தால் என்ன ஆகும்? இருபது முப்பது வருடம் கொழுந்து கிள்ளிய விரல் நுனியில் கறை ஏறியிருக்கும், தோல் தடித்து வெடித்திருக்கும். மட்டக்கம்பும் கவ்வாத்துக் கத்தியும் பிடித்த கையில் ரேகை தேய்ந்திருக்கும். உடப்புசல்லாவைப் பனியில் காலை ஆறரை மணிக்கு விரலே விறைத்துப்போயிருக்கும். கைவேலை செய்கிறவர்களின் ரேகையைக் கருவி ஏற்க மறுப்பதை இந்தியாவின் ஆதார் ரேஷன் கடைகளில் உலகமே பார்த்துவிட்டது. முகத்தைப் படமெடுக்கும் கருவி என்றால் பனி, தலைத்துணி, மழைப் படங்கு. அட்டைதான் இருப்பதில் தேவலை. அட்டை தொலைந்த நாளுக்கு என்ன விதி என்று முன்கூட்டியே எழுதி வைத்திருக்க வேண்டும்.

அடுத்தது டவர். மடிப்பு மடிப்பான மலையில் ஒரு திருப்பத்தில் சமிக்ஞை கிடைக்கும், அடுத்த திருப்பத்தில் போய்விடும். நல்ல செயலி, தொடர்பில்லாத நேரத்தில் பதிவைத் தன்னிடமே வைத்திருந்து பிறகு அனுப்பும். மோசமான செயலி அன்றைய வேலையையே விழுங்கிவிடும். 2025 நவம்பர் இறுதியில் திட்வா புயல் நுவரெலியா மாவட்டத்தைப் புரட்டிப் போட்டபோது பாதை, மின்சாரம், தொலைபேசி மூன்றும் ஒன்றாக அறுந்தன. அப்படியொரு நாளில் வரவுப் பதிவு என்னவாகும்? மண் சரிந்து வழி அடைபட்டதால் மலைக்குப் போக முடியாதவர் வராதவரா? வரவுக்கு 200 ரூபா என்று வைத்த பிறகு இந்தக் கேள்விக்கு எழுத்தில் பதில் வேண்டும்.

இந்தியாவில் நூறு நாள் வேலைத் திட்டத்தில் இது நடந்தே முடிந்திருக்கிறது. 2023 ஜனவரி முதல் அங்கே என்எம்எம்எஸ் என்ற செயலியில் வருகையைப் பதிவது கட்டாயமானது. ஒரு நாளைக்கு இரண்டு முறை வேலைத்தளத்தில் படமெடுத்து ஏற்ற வேண்டும். சமிக்ஞை கிடைக்காமல் படம் ஏறாத நாட்களில் மண் வெட்டிய பெண்கள் கூலியை இழந்தார்கள். இரண்டாவது படத்துக்காக வேலை முடிந்த பிறகும் காத்துக் கிடந்தார்கள். மோசடி நின்றதா என்றால், 2025 ஜூலையில் இந்திய ஊரக அமைச்சே மாநிலங்களுக்குச் சுற்றறிக்கை அனுப்பியது: சம்பந்தமில்லாத படங்களை ஏற்றுகிறார்கள், படத்தையே திரும்பப் படமெடுத்து ஏற்றுகிறார்கள் என்று. ஏய்க்க நினைத்தவர் வழி கண்டுபிடித்தார், வேலை செய்தவர் நெட்வொர்க்கைத் தேடி மேட்டில் ஏறினார். இதற்குப் பிறகும் அதே மாதிரிச் செயலியை யாராவது இங்கே சீர்திருத்தம் என்று கொண்டுவந்தால் கொஞ்சம் சந்தேகப்படுவது தப்பில்லை.

எண்ணிக்கை சேர்ந்தபின்

தினமும் மூன்று நிறுவை, ஆளுக்கு ஆள், மலைக்கு மலை. ஓரிரு வருடத்தில் தோட்டத்து ஆபீசில் ஒரு பெரிய களஞ்சியம் சேர்ந்துவிடும். யார் வேகம், யார் மெதுவு, எந்த வயதில் கை தளர்கிறது, எந்த மாதத்தில் யார் அடிக்கடி லீவு, எல்லாம் தெரியும். இதை வைத்துக் கொழுந்து குறைந்த மலைக்குக் கிலோ அளவைக் குறைக்கலாம். அதே தரவை வைத்து இந்த மலையில் பத்துப் பேர் 24 கிலோ எடுத்திருக்கிறார்கள், மற்றவர்களுக்கு ஏன் முடியாது என்று அளவை உயர்த்தவும் செய்யலாம். இரண்டில் எது நடக்கும் என்பதை மென்பொருள் தீர்மானிக்காது.

பிரான்சில் அமேசானின் களஞ்சியங்களில் தொழிலாளர் கையில் வைத்திருந்த ஸ்கேனர் ஒவ்வொரு வினாடியையும் எண்ணியது. பத்து நிமிடம் கை சும்மா இருந்தால் குறிப்பு. ஒரு பொருளுக்கும் அடுத்ததற்கும் இடையில் 1.25 வினாடிக்குள் முடித்தாலும் அவசரப்பட்டாய் என்று குறிப்பு. அந்த நாட்டின் தரவுப் பாதுகாப்பு ஆணையம் இது மிதமிஞ்சிய கண்காணிப்பு என்று முடிவு செய்து 32 மில்லியன் யூரோ அபராதம் விதித்ததை 2024 ஜனவரியில் அறிவித்தது. ஐரோப்பிய ஒன்றியத்தின் செயற்கை நுண்ணறிவுச் சட்டமும் ஆளைத் தேர்வதற்கும் வேலையாட்களை மேய்ப்பதற்கும் பயன்படும் மென்பொருளை அதிக ஆபத்துள்ள வகையில் வைத்திருக்கிறது.

நம்மிடமும் சட்டம் இருக்கிறது. 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் விரல்ரேகை, முகம் போன்ற உடல்சார் அடையாளங்களைச் சிறப்புக் கவனத்துக்குரிய தரவாக வகைப்படுத்துகிறது. முழுக்க முழுக்க இயந்திரமே எடுத்த முடிவை மறுபரிசீலனை செய்யக் கேட்கும் உரிமையும் அதில் உண்டு. நல்ல சட்டம்தான். முழுமையாக நடைமுறைக்கு வருவதுதான் தள்ளித் தள்ளிப் போகிறது. கொழும்பில் வங்கிகளும் தொலைபேசிக் கம்பெனிகளும் அதற்குத் தயாராகும் கருத்தரங்குகளை நடத்துகின்றன. பிரட்டுக்களத்தில் அதைப் பற்றி யார் பேசியிருக்கிறார்கள்?

வருமானப் பகிர்வு முறையைப் பற்றியும் ஒரு வார்த்தை. தொழிலாளிக்கு ஒரு துண்டு மலையைப் பிரித்துக் கொடுத்து, பராமரித்து எடுக்கும் கொழுந்துக்குக் கிலோ கணக்கில் காசு என்ற ஏற்பாட்டைக் கம்பெனிகள் பல வருடமாக முன்வைக்கின்றன. அதில் பேர் இல்லை, வரவு இல்லை. நிறை மட்டும்தான் இருக்கும். அப்படியானால் தராசும் கழிவு விதியும் முழுச் சம்பளத்தையும் நிர்ணயிக்கும். சேமலாப நிதி எந்தத் தொகையின் மேல் கணக்கிடப்படும் என்பதற்குத் தெளிவான பதில் கிடைக்கும் வரை இந்த முறைக்கு ஒப்புக்கொள்வது புத்திசாலித்தனமாக எனக்குப் படவில்லை.

ஒரு எழுத்து பிசகினால்

மென்பொருள் விற்பனையாளர்கள் அதிகம் பேசாத தொல்லை ஒன்று இருக்கிறது. இங்கே அதுதான் பெரியது. பெயர். பிறப்புச் சான்றிதழில் ஒரு பெயர், தேசிய அடையாள அட்டையில் இன்னொரு எழுத்து, செக்ரோலில் லயத்தில் கூப்பிடும் பெயர். ராமாயி ராமாய் ஆவார், காளியம்மா காளியம்மாள் ஆவார், தகப்பன் பெயரின் முதலெழுத்து இடம் மாறும். தமிழ்ப் பெயரைச் சிங்களத்திலோ ஆங்கிலத்திலோ கேட்டு எழுதிய கிளார்க்கின் காது எப்படியோ அப்படி. தாள் ஏட்டில் இது ஓடியது. பெரிய கிளாக்கருக்கு ஆளைத் தெரியும். கணினிக்கு ஆளைத் தெரியாது. எழுத்து பொருந்தினால் ஒருவர், பொருந்தாவிட்டால் இருவர்.

இந்தப் பிசகு வெளிப்படுவது வேலையை விட்டு நிற்கும்போது. பெண்களுக்கு 50, ஆண்களுக்கு 55 வயதில் சேமலாப நிதியை எடுக்கப் போனால், பெயர் பொருந்தவில்லை, சத்தியக் கடதாசி கொண்டுவா, கிராம அலுவலரிடம் போ என்று அலைச்சல் தொடங்கும். சேவைக்காலப் பணமும் அப்படியே. ஒவ்வொரு வருடச் சேவைக்கும் 14 நாள் சம்பளம் என்பது நாட்கூலிக்காரர்களுக்கு 1983ஆம் ஆண்டுச் சட்டம் தந்த கணக்கு. இடையில் சில வருடங்கள் வேறொரு எழுத்தில் பதிவாகியிருந்தால் அந்த வருடங்களை யார் கொடுப்பார்கள்? தோட்டம் ஒரு கம்பெனியிலிருந்து இன்னொன்றுக்குக் கைமாறும்போது பழைய பதிவுகள் முழுமையாகப் புதிய மென்பொருளுக்கு ஏறினவா என்று யார் பார்ப்பார்கள்? தராசு வாங்குவதற்கு முன் செய்ய வேண்டிய வேலை பெயரைத் திருத்துவதுதான். செலவு குறைவு, திறப்பு விழா கிடையாது, அதனால் யாரும் தொடங்குவதில்லை.

சங்கங்கள் கேட்க வேண்டியவை

சங்கங்கள் கம்பெனிகளோடும் அரசாங்கத்தோடும் ரூபாவைப் பற்றி மட்டுமே பேசிப் பழகியவை. 1,000 கேட்டார்கள், அது 2021இல் சம்பள நிர்ணயச் சபை வழியாக வந்தது. பிறகு 1,700 கேட்டார்கள், விஷயம் உச்ச நீதிமன்றம் வரை போய் 2024இல் அடிப்படைச் சம்பளம் 1,350 ஆனது. அந்தப் போராட்டங்களைக் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் நாட்சம்பளத்தை எவ்வளவு உயர்த்தினாலும், பேரைத் தீர்மானிக்கும் கருவி எதிர்ப்பக்கம் இருந்தால் உயர்ந்தது மாதக் கடைசியில் அரைப்பேராகக் கரைந்துவிடும். சங்கச் சந்தாவும் அதே செக்ரோலிலிருந்துதான் கழிகிறது. இந்த ஏட்டில் சங்கங்களுக்கும் அக்கறை இருந்தே தீர வேண்டும்.

அடுத்த பேச்சுவார்த்தையில் ரூபாவோடு இவற்றையும் மேசையில் வைக்கலாம். ஒவ்வொரு நிறுவைக்கும் தமிழில் ஒரு சீட்டோ குறுஞ்செய்தியோ வர வேண்டும். கழிவு விதி பிரட்டுக்களத்தில் எழுதி ஒட்டப்பட வேண்டும். கருவி பழுதானாலோ டவர் இல்லாவிட்டாலோ கையால் எழுதிய பதிவே செல்லுபடியாகும் என்று ஒப்பந்தத்தில் இருக்க வேண்டும். தராசை வருடத்தில் இத்தனை முறை என்று வெளியார் சோதிக்க, சங்கப் பிரதிநிதி பக்கத்தில் நிற்க வேண்டும். சேர்ந்த தரவை வைத்துக் கிலோ அளவை உயர்த்துவதானால் முதலில் சங்கத்திடம் பேச வேண்டும். இவை எதற்கும் கம்பெனிக்குக் கோடிக்கணக்கில் செலவில்லை. வேண்டாம் என்று மறுத்தால் ஏன் மறுக்கிறார்கள் என்று கேட்கவும் ஒரு காரணம் கிடைக்கும்.

சங்கங்கள் அசையும் வரை காத்திருக்கத் தேவையில்லாத வேலை ஒன்று உண்டு. உடப்புசல்லாவையிலோ ராகலையிலோ பிறந்து, கொழும்பில் கணினி முன்னால் உட்கார்ந்து இதை வாசிக்கிற தம்பி, தங்கச்சிமாரே, அடுத்த லீவில் வீட்டுக்குப் போகும்போது அம்மாவின் அடையாள அட்டை, பிறப்புச் சான்றிதழ், சேமலாப நிதி இலக்கம், கடைசிச் சம்பளச் சீட்டு ஆகியவற்றை ஒன்றாக வைத்துப் பெயரை எழுத்தெழுத்தாக ஒப்பிடுங்கள். பிசகு இருந்தால் அம்மாவோடு தோட்டத்து ஆபீசுக்கும் தொழில் திணைக்களத்துக்கும் போய் இப்போதே திருத்த விண்ணப்பியுங்கள். வேலையை விட்டு நின்ற பிறகு அந்தத் திருத்தத்துக்கு அம்மா தனியாக அலைய வேண்டியிருக்கும்.